மூட்டுத் தேய்மானம் இருந்தா எலும்பு கெட்டின்னு அர்த்தமா? அம்மாவோட டெக்ஸா ரிப்போர்ட் பத்தி ஒரு சந்தேகம்

முதுநகர்மகள் | கடலூர் | திங்கள் காலை 10.14

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு. ரெண்டு முட்டியும் தேய்மானம், பல வருஷமா வலி. போன மாசம் துவைக்கிற கல்லுகிட்ட பாசியில வழுக்கி, கையை ஊனி விழுந்தாங்க. வலது மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்ட டாக்டர், "நின்ன இடத்துல விழுந்ததுக்கே உடையுதுன்னா எலும்பைப் பார்த்தே ஆகணும்"னு எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

எடுத்தாச்சு. இளவயசு எலும்போட அடர்த்தியோட ஒப்பிட்டுப் போடுற டி-ஸ்கோர்னு ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க. முதுகெலும்பு டி-ஸ்கோர் மைனஸ் 0.6. தொடையெலும்புக் கழுத்து மைனஸ் 2.6. ஸ்கேன் எடுத்த இடத்துல முதல் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு "நார்மல்தான்"னு அனுப்பிட்டாங்க. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் போகணும்.

வீட்டுல இப்ப ரெண்டு கட்சி. சித்தி சொல்றது: "அக்கா நல்ல பூசின உடம்பு, முட்டியில எலும்பு வளர்ந்திருக்குன்னு எக்ஸ்ரேயிலயே சொன்னாங்க, அப்புறம் எப்படி எலும்பு மெலியும்?" தம்பி சொல்றான், மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு எலும்பும் சேர்ந்தே கெட்டுப்போகும்னு. ரெண்டுல எது சரி? மூட்டு வலிக்கும் எலும்பு பலத்துக்கும் உண்மையில என்ன சம்பந்தம்?

அம்மா பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க. முட்டிக்கு அப்பப்ப கடையில வாங்கின வலி மாத்திரை.


லாஸ்பேட்டை பிசியோ | புதுச்சேரி | திங்கள் மதியம் 1.40

அம்மா ரிப்போர்ட்ல குறைவா இருக்கிற நம்பரைத்தான் எடுத்துக்கணும், மேடம். முதுகு, இடுப்பு, தொடையெலும்புக் கழுத்து மூணுல எது குறைவோ அதுதான் கணக்கு. மைனஸ் 1 வரைக்கும் சரி, மைனஸ் 1க்கும் 2.5க்கும் நடுவுல இருந்தா மெலிய ஆரம்பிச்சிருக்கு, மைனஸ் 2.5ம் அதுக்குக் கீழயும் போனா எலும்புப்புரை. இது உலக சுகாதார நிறுவனம் 1994ல வச்ச அளவுகோல். மைனஸ் 2.6ங்கிறது புரைதான். ஸ்கேனே எடுக்கலைன்னாலும், நின்ன உயரத்துல இருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சதே பெரிய எச்சரிக்கை.

அப்ப முதுகு மட்டும் ஏன் நல்லாக் காட்டுது? தேய்மானம் முட்டியோட நிக்காது. இந்த வயசுல முதுகெலும்பு மூட்டுகள்லயும் இருக்கும். தேயுற இடத்துல ஓரமா எலும்பு முளைக்கும், தட்டுகள் இறுகும், பக்கத்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். டெக்ஸா மெஷினுக்கு எது உள்ளே இருக்கிற எலும்பு, எது ஓரத்துல முளைச்சது, எது ரத்தக்குழாய்ச் சுண்ணாம்புன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. மொத்தத்தையும் கூட்டிச் சொல்லிடும். உளுத்த சுவருக்கு மேல மேல சுண்ணாம்பு அடிச்சு கனமாக் காட்டுற கதைதான். அதனால மூட்டுத் தேய்மானம் உள்ள வயசான பெண்களுக்கு முதுகு நம்பர் நல்லா இருந்தா அதை நம்பி உட்கார்ந்துடக் கூடாது. முதுகும் இடுப்பும் இவ்வளவு தூரம் வித்தியாசப்பட்டா சந்தேகப்படணும். சில டாக்டர்கள் முன்கை எலும்பையும் அளக்கச் சொல்வாங்க.

உங்க சித்தி சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. தேய்மானம் இருக்கிற பெண்களோட எலும்பு அடர்த்தி சராசரியா கொஞ்சம் கூடவே இருக்கிறதா பல ஆய்வுல பார்த்திருக்காங்க. உடம்பு எடை ஒரு காரணம். எடை கூடினா எலும்பு மேல பாரம் ஏறும், எலும்பு கெட்டியாகும். அதே எடை முட்டியைத் தேய்க்கும். ஆனா அடர்த்தி கூட இருக்கிறதால உடையிறது குறையுதான்னு பார்த்தா, குறையல. ஏன்னா அவங்க விழுறாங்க. முட்டி வலிச்சா நடக்க மாட்டாங்க, நடக்கலைன்னா தொடைச் சதை வத்திப்போகும், தொடைச் சதை இல்லாத முட்டி திடீர்னு மடங்கும். என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் சொல்றது "முட்டி விட்டுடுச்சு சார், விழுந்துட்டேன்"தான்.


வில்லியனூர் வாசு | புதுச்சேரி | திங்கள் மாலை 6.05

எல்லாம் சரி. எங்க ஆயா 88 வயசு வரைக்கும் நாத்து நட்டுச்சு. டெக்ஸா தெரியாது, கால்சியம் மாத்திரை தெரியாது. பிரண்டைத் துவையலும் கேவுரு கூழும்தான். இப்ப 60 வயசானாலே ஸ்கேன், ஊசி, மாத்திரைன்னு வியாபாரம் ஆயிடுச்சு. போன வருஷம் எங்க ஊர் கல்யாண மண்டபத்துல இலவச எலும்பு முகாம் போட்டானுங்க. வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் "பார்டர்"னு எழுதிக் கொடுத்து, வெளியே மேஜை போட்டு டப்பா வித்தானுங்க.


ஓய்வு சிஸ்டர் | கடலூர் | திங்கள் இரவு 8.30

வாசு தம்பி, முகாம் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். அங்கே வைக்கிறது குதிகால்ல அல்ட்ராசவுண்ட் மெஷின். யாரை அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம்னு சலிக்கிறதுக்கு உதவும். அதை வச்சு நோய் இருக்கு, இல்லைன்னு சொல்லக் கூடாது, டப்பாவும் விக்கக் கூடாது.

ஆனா ஆயா கதைக்கு வர்றேன். எலும்பு வார்டுல நான் வருஷக்கணக்கா இருந்தவள். இடுப்பு உடைஞ்சு வந்த ஆயாக்களை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, ஏன்னா அவங்க யாரும் 88 வயசுல நாத்து நட இல்லை. இடுப்பெலும்பு உடைஞ்ச வயசானவங்கள்ல கிட்டத்தட்ட ஐந்துல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள போயிடுறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. நம்ம பக்கம் ஆபரேஷனுக்கு யோசிச்சு யோசிச்சு நாள் கடத்தி, படுக்கைப்புண் வந்து, சளி கட்டிப் போனவங்களை "வயசாயிடுச்சு, விழுந்தாங்க, போயிட்டாங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எலும்புப்புரைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

வார்டுல ஒண்ணு கவனிச்சேன். விழுந்து வந்தவங்களோட பழைய சீட்டைப் பார்த்தா, அநேகமா எல்லார்கிட்டயும் மூட்டு வலிக்கு வைத்தியம் பார்த்த சீட்டு இருக்கும். வலி மாத்திரை, தைலம், முட்டிக்கு ஊசி, பட்டி எல்லாம் இருக்கும். எலும்பு எப்படி இருக்குன்னு பார்த்த சீட்டு ஒண்ணுகூட இருக்காது. மூட்டு வலிக்கும், அதனால வைத்தியம் பார்ப்பாங்க. எலும்பு மெலிஞ்சா வலிக்காது. உடையிற வரைக்கும் சத்தமே இல்லை. முதுகெலும்பு நசுங்கினதுல மூணுல ரெண்டு பங்கு அவங்களுக்கே தெரியாம நடக்குது. "கூன் விழுந்துடுச்சு, வயசு"ன்னு விட்டுடுவாங்க. இளவயசுல இருந்த உயரத்துல இருந்து நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருந்தா ஒரு முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. புடவை கட்டும்போது நீளம் அதிகமாத் தரையில புரளுதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க. எடுத்துப் பார்த்தா ரெண்டு எலும்பு நசுங்கியிருந்துச்சு.

முதுநகர் மகளுக்கு: எலும்புல 30, 40 சதவீதம் போனாத்தான் சாதாரண எக்ஸ்ரேயில வித்தியாசம் தெரியும். முட்டி எக்ஸ்ரேயில "எலும்பு வளர்ந்திருக்கு"ன்னு சொன்னது அந்த ஓரத்து முளையைத்தான்.


வில்லியனூர் வாசு | திங்கள் இரவு 9.12

சிஸ்டர் அம்மா சொன்னா கேட்டுக்குறேன். பிரண்டையை மட்டும் விட மாட்டேன்.


எண்ணும் எழுத்தும் | புதுச்சேரி | செவ்வாய் காலை 7.20

"சம்பந்தம் இருக்கா"ன்னுதானே கேள்வி. ஒரு பெரிய ஆய்வு இதை நேரடியாகவே பார்த்தது. அமெரிக்காவின் 'பெண்கள் நல முன்முயற்சி' என்ற திட்டத்தில் மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,46,000 பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். மூட்டுநோய் இல்லாதவர்கள், தேய்மானம் உள்ளவர்கள், முடக்குவாதம் (ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸ், உடம்பே தன் மூட்டைத் தாக்கும் நோய்) உள்ளவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, யாருக்கு எலும்பு முறிகிறது என்று பார்த்து 2011ல் வெளியிட்டார்கள்.

தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏதாவது ஓர் எலும்பு முறியும் ஆபத்து, மூட்டுநோய் இல்லாதவர்களைவிட 10 சதவீதத்துக்கு அருகில் கூடுதல். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல். இடுப்பெலும்பை மட்டும் தனியாக எடுத்தால், முடக்குவாதக்காரர்களுக்கு மூன்று மடங்கு. தேய்மானக்காரர்களுக்கு இடுப்பு முறிவு கூடியது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எந்த மூட்டுநோய் என்பது அந்தப் பெண்களே சொன்னது, எல்லோரையும் டாக்டர் சோதித்துப் பிரித்ததல்ல. அடுத்தது, 10 சதவீதம் என்பது பெரிய எண் இல்லை. ஆனால் முட்டித் தேய்மானம் உள்ள பெண்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் சின்ன விஷயமும் இல்லை. ஆக சித்தியும் தம்பியும் இரண்டு வேறு நோயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முட்டித் தேய்மானம் எலும்பை அரிப்பதில்லை, ஆனால் காப்பாற்றுவதும் இல்லை. முடக்குவாதம் நிஜமாகவே அரிக்கும்.


பாகூர் பானு | புதுச்சேரி | செவ்வாய் காலை 11.48

நான் அந்த மூணாவது கூட்டம். 41 வயசுல முடக்குவாதம் வந்துச்சு, இப்ப 56. தேய்மானம்னா நடந்தா வலிக்கும், உட்கார்ந்தா கொஞ்சம் விடும். எனக்கு அப்படி இல்லை. காலையில எழுந்தா விரலை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீக்கம். சின்ன மூட்டுல ஆரம்பிச்சது. முதல்ல எல்லாரும் "மெனோபாஸ் வருது, கால்சியம் கம்மி"ன்னாங்க. அப்புறம் கோரிமேடு ஜிப்மர்ல இதுக்குன்னு இருக்கிற இம்யூனாலஜி பிரிவுக்குப் போய்த்தான் வழி தெரிஞ்சுது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம்னு வரிசையில நிக்கிற எல்லாரும் நம்ம ஆளுங்கதான்.

அங்கே டாக்டர் விளக்கினது எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன். நம்ம உடம்புல எலும்பைத் தின்கிற செல்லும், கட்டுற செல்லும் எப்பவும் வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். முடக்குவாதத்துல உடம்பே மூட்டைத் தாக்குறப்ப வர்ற வீக்கம், அந்தத் தின்கிற செல்லை உசுப்பி விடும். மூட்டுக்குப் பக்கத்து எலும்பு முதல்ல போகும், அப்புறம் இடுப்பு, முதுகு. மேல மாதவிடாய் நின்னா ஈஸ்ட்ரோஜன் குறையும், அதுவும் அதே செல்லுக்குத்தான் சாதகம். அதுக்கும் மேல, வீக்கத்தை அடக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்து.

பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம்னு மூணு மாசத்துக்கு மேல போனாலே எலும்பைக் கணக்குல எடுத்துக்கணும்னு சொன்னாங்க. அதுலயும் ஆரம்பிச்ச முதல் சில மாசத்துலதான் எலும்பு வேகமா இறங்கும். அதுக்காக ஸ்டீராய்டே விஷம்னு ஓடக் கூடாது. வீக்கத்தை அடக்கலைன்னாலும் எலும்பு போகும். அடக்கிட்டு, குறைச்சுக்கிட்டே வந்து, வாராவாரம் போடுற மெத்தோட்ரெக்சேட்ங்கிற முடக்குவாத மருந்துல நிறுத்துறதுதான் எனக்கு நடந்தது. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு தடவைதான். தினம் போட்டு ரத்த அணு இறங்கி ஐசியூ போனவங்க உண்டு, காலண்டர்ல கிழமையை வட்டம் போட்டு வச்சுக்கோங்க.

பத்து வருஷத்துல எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போடுற ஃப்ராக்ஸ்னு ஒரு கணக்கு முறை இருக்கு. அதுல இந்தியப் பெண்களுக்குத் தனியா இருக்கு. வயசு, எடை, முன்னாடி முறிஞ்சதா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சதான்னு கேட்டுட்டு, "முடக்குவாதம் இருக்கா, ஸ்டீராய்டு சாப்பிடுறீங்களா"ன்னு ரெண்டையும் தனித்தனியாக் கேட்கும். தேய்மானத்தை அதுல கேட்கவே மாட்டாங்க.

முதுநகர் தங்கச்சி, அம்மாவுக்கு வேற மருந்து ஏதாவது? பொட்டலம், லேகியம்?


முதுநகர்மகள் | செவ்வாய் மாலை 4.33

அக்கா, கேட்டீங்களே. மதியம் அம்மாகிட்ட விசாரிச்சேன். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கப் போன காலத்துப் பழக்கம், கூட வேலை செஞ்சவங்க மூலமா பேரில்லாத ஒரு பொடி வருது. ரெண்டு வேளை தேன்ல குழைச்சு. "அதைச் சாப்பிட்டா மறுநாளே முட்டி பறக்கும்"னு சொல்றாங்க. ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டிருக்காங்க போல. முகம் கொஞ்சம் உப்பினதை நாங்க சதை போட்டுடுச்சுன்னு நினைச்சோம்.


நெல்லிக்குப்பம் மருந்துக்கடை | கடலூர் மாவட்டம் | செவ்வாய் இரவு 10.02

மறுநாளே பறக்கும்னா அங்கேதான் சந்தேகம். எந்த மூலிகையும் ஒரே ராத்திரியில பல வருஷ வலியைத் தூக்காது. பேரில்லாத பொடிகள்ல டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் அரைச்சுக் கலக்கிறது நாடு முழுக்க அடிக்கடி பிடிபடுற விஷயம். உங்க அம்மா சாப்பிட்டதுல இருக்குன்னு நான் சொல்ல முடியாது. ஆனா முகம் உப்பியிருக்கு, எலும்பு மெலிஞ்சிருக்கு. பொட்டலத்தோட டாக்டரைப் பாருங்க.

முக்கியம்: பயந்துபோய் இன்னிக்கே பொடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்து, ஒரு வருஷம் சாப்பிட்டிருந்தா, உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைச்சிருக்கும். திடீர்னு நிறுத்தினா மயக்கம், பிரஷர் இறங்குறது எல்லாம் வரும். டாக்டர் படிப்படியா இறக்குவார். இதுக்கு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம், நாளைக்கே மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரியிலயாவது காட்டிடுங்க.

கடையில நான் தினம் பார்க்கிற இன்னும் சில விஷயம். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுறாங்கன்னு சொன்னீங்க. காலையில தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒண்ணாப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சேராது. நாலு மணி நேரம் இடைவெளி வேணும். கால்சியம் கார்பனேட்னா சாப்பாட்டோட, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம். சேர்த்துப் போட்டா மிச்சம் வீண்தான். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் டாக்டர் எழுதினா வாரம் ஒண்ணு. சீட்டுல "வாரம்"கிறதைப் பார்க்காம தினம் குடிச்சுட்டு வாந்தி, மயக்கம்னு ஒரு அம்மா வந்தாங்க, ரத்தத்துல கால்சியம் ஏறிப்போயிருந்துச்சு.

வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது. வயித்துக்குன்னு வருஷக்கணக்கா பான்டாப்ரசோல் போடுறவங்களுக்கு எலும்பு முறிவு கொஞ்சம் கூடுறதாவும் பார்த்திருக்காங்க. தேவையான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க.


நெறியாளர் | புதன் காலை 8.00

பொடி விக்கிறவங்க பேர், ஊர், போன் நம்பர் எதையும் இங்கே போடாதீங்க. ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன்.


தேவனாம்பட்டினம் செல்வி | கடலூர் | புதன் காலை 9.26

சாப்பாடு பத்தி யாரும் பேசலையே! எங்க வீட்டுல நெத்திலியை முள்ளோட கடிச்சுத் தின்னாத்தான் கணக்கு. கருவாடும் அப்படித்தான், ஆனா உப்பு ஜாஸ்தி, பிரஷர் இருக்கிற அம்மாவுக்குப் பச்சை நெத்திலியே போதும். முள்ளை எடுத்துட்டு வெறும் சதையைத் தின்னா கால்சியம் கதை அங்கேயே முடிஞ்சுது.

மாதவிடாய் நின்ன பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரையில இருக்கு. என் பொண்ணு நர்சிங் படிக்குது, கணக்குப் போட்டுக் கொடுத்துச்சு. 200 மில்லி டம்ளர்ல பால் ஒண்ணு, தயிர் ஒண்ணு எடுத்தா 480 வரும். கேழ்வரகு 100 கிராமுக்கு 360க்கு மேல இருக்கு. ஆனா ஒரு அடைக்கு 50 கிராம் மாவுதான் போகும், அதனால 180. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, நெத்திலி அஞ்சாறு. மிச்சம் குறையிறதுக்குத்தான் மாத்திரை. கம்புல கேழ்வரகு அளவுக்குக் கிடையாது, எல்லாச் சிறுதானியமும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க.

வாசு அண்ணன் பிரண்டை திங்கட்டும், எங்க வீட்டுலயும் துவையல் உண்டு. ஆனா மைனஸ் 2.6க்கு அது மருந்து இல்லை.


வில்லியனூர் வாசு | புதன் மதியம் 12.15

சரி செல்வி, ஒத்துக்கலாம். எனக்கு வேற சந்தேகம். முட்டி தேஞ்சிருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் நட நடன்னும் சொல்றீங்க. நடந்தா இன்னும் தேயாதா? எங்க அத்தைக்கு டாக்டரே "ரெஸ்ட்"னுதான் சொன்னார்.


லாஸ்பேட்டை பிசியோ | புதன் மாலை 7.50

வலி உச்சத்துல இருக்கிற நாலு நாளைக்கு ஓய்வு சரி. அதையே வருஷக்கணக்கா எடுத்துக்கிறதுதான் நம்ம ஊர் வழக்கம், நாசமும் அங்கேதான். அளவா நடக்கிறதால மூட்டு கூடுதலாத் தேயறது இல்லை. எலும்புக்குப் பாரம் ஏறணும், அப்பத்தான் அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கும். படுத்தே கிடந்தா எந்த கால்சியமும் ஒட்டாது.

முதுநகர் மேடத்தோட அம்மாவுக்கு, கட்டு பிரிச்சு டாக்டர் சம்மதம் சொன்ன பிறகு: நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி, அஞ்சு எண்ணிட்டு இறக்கணும். பத்துப் பத்துத் தடவை. பிறகு கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியில இருந்து எழுந்து உட்காருறது. பிறகு அடுப்படி மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறது, கொஞ்சம் பழகினதும் ஒத்தைக் கால்ல நிக்கிறது. பக்கத்துல ஆள் இல்லாம செய்ய வேண்டாம்.

செய்யக் கூடாதது: முன்னால குனிஞ்சு காலைத் தொடுற ஆசனம், குனிஞ்ச வாக்குல குடத்தைத் தூக்குறது, முதுகை முறுக்குறது. புரை விழுந்த முதுகெலும்பு முன்னால குனியும்போதுதான் நசுங்கும். டிவியைப் பார்த்து யோகா செய்யுறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். கோலம் போடுறவங்க சின்னக் கோலமாப் போட்டா சாமி கோவிச்சுக்காது.

நடைக்குப் புதுச்சேரியில கடற்கரைச் சாலை நல்லது, சாயங்காலம் வண்டி விடமாட்டாங்க, தரை சமமா இருக்கும். கடலூர்க்காரங்க சில்வர் பீச் மணல்ல நடக்கக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. புதையிற மணல் முட்டியைத் திருப்பிவிடும், விழவும் வைக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு. வீட்டுக்கே வர்ற சேவையில பிசியோதெரபியும் ஒண்ணு. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வைங்க.


பாகூர் பானு | புதன் இரவு 8.11

அது தமிழ்நாட்டுப் பக்கம். பத்துக் கிலோமீட்டர் இந்தப் பக்கம் புதுச்சேரிக்குள்ள வந்தா எங்களுக்குக் கிடையாது பாருங்க. எல்லைக்கோட்டைத் தாண்டினா பெட்ரோல் விலை மட்டும்தான் சல்லிசு.


ஓய்வு சிஸ்டர் | புதன் இரவு 9.40

வீட்டையும் ஒரு சுத்து பார்த்துடுங்க. துவைக்கிற கல்லுப் பக்கம் பாசியைப் பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும். கழிவறையில கைப்பிடிக் கம்பி, கொத்தனாரைக் கூப்பிட்டா அரை நாள் வேலை. வாசல்ல போடுற பழைய புடவை மிதியடி வேண்டவே வேண்டாம், நான் பார்த்த விழுந்த கேஸ்ல அதுக்குப் பெரிய பங்கு. கணுக்காலுக்குக் கீழே தொங்குற நைட்டியை மடிச்சுத் தைச்சுடுங்க. ராத்திரி படுக்கையில இருந்து கழிவறை வரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தூக்க மாத்திரை போடுறாங்களா, பிரஷர் மாத்திரை போட்டு எழுந்தா தலை சுத்துதா, கண்ணுல புரை இருக்கா, இந்த மூணையும் கேளுங்க. எலும்பு கெட்டியாக மாசக்கணக்கு ஆகும். விழாம இருக்க ஒரு ஞாயித்துக்கிழமை வேலை போதும்.


முதுநகர்மகள் | சனி மாலை 5.20

பொட்டலத்தோட போயிட்டு வந்துட்டோம். டாக்டர் பொடியைப் பார்த்ததும் முகத்தையும் கையில இருந்த நீலத் தழும்பையும் பார்த்தார், உடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்குதான்னு பார்க்க காலை நேர கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை எழுதினார். பொடிக்குப் பதிலா அளவு தெரிஞ்ச மாத்திரை கொடுத்து, வாரத்துக்கு இவ்வளவுன்னு குறைக்கச் சொல்லியிருக்கார். முடக்குவாதம் இல்லை, விரல் எல்லாம் பார்த்துட்டு தேய்மானம்தான்னு சொல்லிட்டார். டெக்ஸாவைப் பார்த்ததும் முதுகு நம்பரைப் பேனாவால அடிச்சே விட்டுட்டார்.

எலும்புப்புரைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஊசின்னு ஒண்ணு, இல்லைன்னா வாரம் ஒரு மாத்திரை, எதுன்னு யோசிச்சுச் சொல்லுங்கன்னார். ஊசி போட்டா தாடை எலும்பு அழுகிடும்னு பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்திட்டாங்க. அம்மாவுக்குக் கீழ்ப் பல் ஒண்ணு ஆடிக்கிட்டிருக்கு, வேற. யாராவது இந்த ஊசி போட்டிருக்கீங்களா?


பாகூர் பானு | சனி மாலை 6.45

நான் போட்டிருக்கேன், சொலெட்ரானிக் ஆசிட். டிரிப்ஸ்ல கால் மணி நேரத்துக்கு மேல ஏத்துவாங்க. முதல் தடவை மட்டும் மறுநாள் காய்ச்சல், உடம்பு அடிச்சுப் போட்ட வலி, பாராசிட்டமால்ல போயிடுச்சு. ரெண்டாவது வருஷம் ஒண்ணுமே தெரியல. எனக்கு மாத்திரை சரிப்படல. காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியில முழுங்கிட்டு, அரை மணி நேரம் படுக்காம, காபி குடிக்காம இருக்கணும். காபி இல்லாம அரை மணி நேரமா!


ஓய்வு சிஸ்டர் | சனி இரவு 8.55

தாடைப் பிரச்சினை உண்மைதான், ஆனா எலும்புப்புரைக்குப் போடுற அளவுல பத்தாயிரத்துல ஒருத்தர், அதுக்கும் கீழ. புற்றுநோய்க்கு மாசாமாசம் பெரிய அளவுல போடுறவங்ககிட்டதான் அதிகம் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா கேள்விப்பட்டது அதுவா இருக்கும். ரொம்ப வருஷம் தொடர்ந்து போட்டா தொடையெலும்பு நடுவுல விபரீதமா முறியிறதும் அபூர்வமா உண்டு, அதனாலதான் ஊசின்னா மூணு வருஷம், மாத்திரைன்னா அஞ்சு வருஷம் ஆனதும் தொடரணுமான்னு திரும்ப யோசிப்பாங்க. இந்த அபூர்வத்தை ஒரு தட்டுலயும், ஏற்கெனவே மணிக்கட்டு உடைஞ்சவங்களுக்கு அடுத்து இடுப்பு உடையிறதை இன்னொரு தட்டுலயும் வச்சுப் பாருங்க.

ஊசிக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கணும், அம்மா வலி மாத்திரை நிறைய போட்டவங்க, கிட்னி தேறணும். வைட்டமின் டி, கால்சியம் ரெண்டும் ரத்தத்துல சரியா இருக்கணும், குறைவா இருந்தா அதை ஏத்திட்டுத்தான் ஊசி.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடுற டெனோசுமாப்னு வேற ஊசியும் சொல்லலாம். அது நல்ல மருந்து, ஆனா ஆரம்பிச்சா தேதி தவறக் கூடாது. கல்யாணம், காதுகுத்துன்னு தள்ளிப்போட்டு விட்டுட்டா முதுகெலும்பு வரிசையா நசுங்கினது உண்டு. நிறுத்தணும்னாலும் வேற மருந்துக்கு மாத்தித்தான் நிறுத்துவாங்க. ஞாபகமாக் கூட்டிக்கிட்டுப் போக ஆள் இருந்தா மட்டும் சம்மதியுங்க.

ஆடுற பல்லை முதல்ல எடுத்துடுங்க. ஊசி பத்தி பல் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. ஸ்டீராய்டு குறைச்சுக்கிட்டிருக்காங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும், பல் எடுக்கிற அன்னிக்கு அந்த மாத்திரை அளவை மாத்தணுமான்னு ரெண்டு டாக்டரும் பேசிக்கட்டும். குழி ஆறினதும் ஊசி.


முதுநகர்மகள் | சனி இரவு 9.30

திங்கள்கிழமை பல் டாக்டர். ரத்தப் பரிசோதனை அன்னிக்கே. ஊசிக்கு முன்னாடி இங்கே ரிசல்ட் போடுறேன் சிஸ்டர்.


வில்லியனூர் வாசு | சனி இரவு 10.18

எங்க அத்தைக்கும் முட்டிதான். அந்த முகாம் சீட்டு இருக்கு, டெக்ஸா எடுக்கலை. புதுச்சேரியில எங்கே எடுக்கலாம், எவ்வளவு ஆகும்? யாராவது எழுதுங்க. இடுப்பையும் சேர்த்துத்தானே எடுப்பாங்க?